நான்காம் நம்பர் ரோலரும் 'தொற' என்ற சொல்லும்

1. மெஷின் நல்லாத்தான் இருக்கு

நான்காம் நம்பர் ரோலர் செல்லையாவின் இரண்டு விரல்களை வாங்கியபோது நான் பட்டறையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தேன். கையில் ரொட்டி, பக்கத்தில் தேநீர். அலறல் கேட்டு ரொட்டியோடு ஓடினேன். எதற்கு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

எழுபதுகளில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தேன். மெஷின் ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஓடக் கூடாத நேரத்தில் ஓடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் அங்கேயே குப்பை கொட்டினேன். இப்போது சேஃப்டி மீட்டிங் என்று சொல்லி அடிக்கடி பேசக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கதையைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

ரோலரைப் பார்க்காதவர்களுக்காக முதலில் இது. இடுப்பு உயரத்தில் ஒரு வட்ட மேசை, அதன் மேல் பித்தளைச் சட்டங்கள். மேசைக்கு மேலே இலை நிறைத்த பெரிய உருளைப் பெட்டி, மாவாட்டுகிற மாதிரி வட்டமடிக்கும். இலை கசங்கிச் சாறு விடும். மேசையின் நடுவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் கசங்கிய இலை கீழே தள்ளுவண்டியில் விழும்.

வேலை முடிந்ததும் மேசையைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் சாறு காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தினால் பெட்டி மேசையின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்தைக் கழுவ வேண்டுமானால் மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டிப் பெட்டியை நகர்த்தி மறுபடி நிறுத்த வேண்டும். அழுக்கைக் கீழே தள்ள நடுக் கதவையும் திறக்க வேண்டும். மோட்டார் பட்டன், கதவின் கைப்பிடி இரண்டும் ஒரே தூணின் பக்கத்தில். இரண்டுக்கும் ஒரே ஆள். கழுவுகிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். பெட்டி நடுவில் மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. மற்ற ரோலர்கள் ஓடுகிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று கழுவியது செல்லையா. தூண் பக்கம் நின்றது அந்தோணி. மேசையில் செல்லையாவின் கை இருக்கும்போதே பெட்டி நகர்ந்துவிட்டது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் போய்விட்டன. லோரியில் போட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

மறுநாள் விசாரணை. எங்கள் பேக்டரி துரை ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் துரை என்ற பட்டம் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி விபத்துப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு பேனாவோடு தயாராக இருந்தார்.

“யாரு பட்டன அமுக்கினா?” என்றார் துரை.

“நான்தான் துரை,” என்றான் அந்தோணி.

“கை உள்ள இருக்கிறப்ப ஏன் அமுக்கின?”

“துரை, அவரு வந்து...”

“எதுத்துப் பேசாத லா. அமுக்கினியா இல்லியா?”

“அமுக்கினேன் துரை.”

துரை என் பக்கம் திரும்பினார். “பிட்டர், மெஷின் எப்படி?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு துரை.”

அவ்வளவுதான் விசாரணை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும், கட்டைவிரல் அகலத்துக்கு. 'கவனக்குறைவு' என்ற சொல் அதில் கச்சிதமாக உட்காரும். கிராணி எழுதினார். அதற்கு முந்தின பழைய பக்கங்களிலும் அதே சொல்தான். கீழே 'இயந்திரத்தில் கோளாறு இல்லை' என்ற வரியில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் சொல்லவில்லை. மெஷின் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின்மேல் தப்பில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், மிச்சம் இருப்பது மனுஷன்தானே? அது எனக்குத் தெரியாமலா இருந்தது?

2. லோரியில் ஏறும்போது

அந்தோணிக்கு வேலை போனது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

அந்த ஒரு வாரமும் லயத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. விபத்துக்கு முந்தின வாரம்தான் செல்லையாவின் ஆடு வேலி தாண்டி வந்து அந்தோணியின் பீன்ஸ் கொடியை மேய்ந்திருந்தது. இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில் நின்று சத்தம் போட்டிருந்தார்கள். போதாதா நம் ஜனங்களுக்கு? “வேணும்னுதான் அமுக்கியிருப்பான்” என்று ஆரம்பித்து வைத்தது யாரோ, முடித்து வைத்தது எல்லாரும். அந்தோணி பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். செல்லையாவின் மனைவி வார்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவன் சாமான் ஏற்றுகிற நாளில் ஒரு கை பிடிக்கப் போனேன். அலமாரி, பாய், கண்ணாடி போட்ட மாதா படம், கோழிக் கூடு. எல்லாம் ஏறிய பிறகு அவன் மெதுவாக என்னிடம் வந்தான்.

“அண்ணே, தொறன்னாங்க. தொறந்தேன். வேற நான் என்னண்ணே செஞ்சேன்?”

வேலை போன வருத்தத்தில் உளறுகிறான் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் யாருக்கு விரல் போகும்? இவன் பட்டனை அல்லவா அமுக்கினான்? அவன் தோளைத் தட்டி, “போற எடத்திலயாவது கவனமா இரு” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

லோரி திரிங்காப் பக்கம் போய்விட்டது. அங்கே காய்கறித் தோட்டத்தில் கோஸ் ஏற்றுகிற வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் என்ன மாற்றம் நடந்தது என்று கேட்பீர்கள். தூணில் ஒரு பலகை மாட்டினார்கள். 'கவனம் தேவை' என்று சிவப்புப் பெயின்ட். அது பெட்டியைப் பார்த்துக்கொண்டு தொங்கியது, பெட்டிக்குப் படிக்கத் தெரியும் என்கிற மாதிரி.

3. ஸ்வெட்டர்

ஐந்தாறு வருஷம் போயிற்று. அந்தோணியின் இடத்தில் ராமையா என்ற பையன் வந்திருந்தான். பையன் என்றால் சின்னவன் இல்லை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இரண்டும் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தன. நல்ல வேலைக்காரன். சொன்னதைச் செய்வான். அதுதான் அவனுக்கு வினையாக வந்தது.

ஒருநாள் நடுக் கதவின் கீல் ஆணி தளர்ந்திருக்கிறது என்று நான் பார்க்கப் போனேன். கழுவுகிற நேரம்தான், மெஷின் நின்றிருந்தது. மேசை மேல் கையை நீட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற ராமையாவுக்குக் கத்தினேன்.

“ராமையா, கொஞ்சம் தொற!”

மோட்டார் உறுமியது. பெட்டி என்னை நோக்கி வந்தது. கையை எப்படி இழுத்தேனோ தெரியாது, ஸ்வெட்டரின் கை மட்டும் மாட்டிக்கொண்டு முழங்கை வரைக்கும் கிழிந்து போனது. என் மனைவி மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டர். உள்ளே இருந்த கை தப்பித்தது.

ராமையா பதறி மோட்டாரை நிறுத்தி ஓடி வந்தான். நான் அவனைப் பிடித்து ஏசு ஏசு என்று ஏசினேன்.

“தொறன்னா கதவத் தொறக்க மாட்டியாடா? மண்டையில என்ன இருக்கு?”

“அண்ணே, முந்தாநாளு இதே மாதிரி கொஞ்சம் தொறன்னீங்க. நான் கதவத் தொறந்தேன். 'மோட்டரத் தொறடா மடையா'ன்னு திட்டினீங்க. இன்னிக்கு மோட்டரத் தொறந்தா கதவுங்கிறீங்க!”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

எங்கள் பேச்சு அப்படி. தோட்டத்துப் பழைய ஆட்கள் மோட்டாரைப் 'போடு' என்பார்கள், 'நிப்பாட்டு' என்பார்கள். ஆனால் மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் பழகிய எங்களுக்குப் பேச்சு மாறிவிட்டது. மலாயில் கதவைத் திறக்கவும் 'புக்கா'தான், விளக்கைப் போடவும் 'புக்கா'தான். அதை அப்படியே தமிழில் பேசுகிறோம். லைட்டத் தொற, ரேடியோவத் தொற, மோட்டரத் தொற. வீட்டில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. லைட்டைத் திற என்றால் யாரும் பல்பைக் கழற்றப் போவதில்லை. ஆனால் நான்காம் நம்பர் ரோலரில் ஒரே ஆளின் ஒரு கைக்குப் பக்கத்தில் கதவு, மறு கைக்குப் பக்கத்தில் மோட்டார். 'கொஞ்சம் தொற' என்றால் அவன் எதைத் திறப்பான்?

அப்போதுதான் அந்தோணி ஞாபகம் வந்தது. தொறன்னாங்க, தொறந்தேன். அவன் உளறவில்லை. நடந்ததை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்குத்தான் காது இல்லை.

உடனே துரையிடம் ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பியூஸைக் கழற்றாமல் மெஷினில் கை வைத்தது என் தப்பு. சொன்னால் எனக்கு வார்னிங் லெட்டர், ராமையாவுக்கு வேலை நீக்கம். அந்தோணிக்கு என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“வெளிய மூச்சு விடாத,” என்றேன்.

“நீங்களும் விடாதீங்கண்ணே,” என்றான்.

வீட்டில் ஸ்வெட்டர் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றேன். மனைவி நம்பவில்லை. கிழிந்ததை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள், திரும்பப் பின்னலாம் என்று.

4. துரை அமுக்கிய பட்டன்

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ரோலர் கழுவுகிற காளியம்மாவின் வலது கை அதே பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கி மணிக்கட்டு எலும்பு உடைந்தது. தூண் பக்கம் நின்றது ராமையா.

காளியம்மாவை லோரியில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். வலியில் அழுதுகொண்டே, “கதவத்தானேண்ணே தொறக்கச் சொன்னேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்வெட்டர் கிழிந்த அன்று நான் வாயைத் திறந்திருந்தால் இந்த அம்மாவின் கை உடைந்திருக்காது. இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு என் பெயரில்தான் வந்து நிற்கிறது.

மறுநாள் ஆபீசில் அதே நாற்காலி, அதே துரை, அதே கிராணி. சாட்சி சொல்ல ரோலர் பக்கத்து ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். விரல் போனபிறகு இலை நிறுக்கிற வேலைக்கு மாற்றப்பட்டிருந்த செல்லையாவும் கடைசியில் நின்றார். ராமையாவுக்கான வேலை நீக்க லெட்டர் டைப் அடித்துத் துரையின் மேசை மேல் தயாராக இருந்தது. விசாரணை இனிமேல்தான், தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டது!

“அமுக்கினியா இல்லியா?”

“அமுக்கினேன் துரை.”

“பிட்டர், மெஷின் எப்படி?”

கிராணி பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“மெஷின் நல்லா இல்ல துரை.”

“என்ன கோளாறு?”

“மெஷின்ல இல்ல. நாம பேசுற பேச்சுல கோளாறு.”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலையிலயே தண்ணி போட்டுட்டியா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பையில் கொண்டுபோயிருந்த ஸ்வெட்டரை எடுத்து லெட்டர் மேலேயே போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பியூஸைக் கழற்றாததையும் சொன்னேன், ராமையாவை மறைக்கச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன்.

“அப்ப உன்னையும் சேத்து அனுப்பணும் லா,” என்றார் துரை.

“அனுப்புங்க. அடுத்த பிட்டர் வருவான். அவனுக்கும் ரெண்டு கைதான் இருக்கும். அந்தோணிய அனுப்பினீங்களே, ரோலரு திருந்திச்சா? இப்ப ராமையாவ அனுப்பினா நாளைக்கு இன்னொருத்தன் வந்து அதே தூண்ல நிப்பான். அவனையும் தொறன்னுதான் கூப்பிடுவோம்!”

“அதெல்லாம் சாக்கு. கவனமா இருக்கிறவனுக்குப் புரியும்.”

“அப்படியா துரை? ஒரு நிமிஷம் எங்கூட வாங்க.”

எப்படி அந்தத் தைரியம் வந்ததோ. துரையும் ஏதோ வீம்பில் எழுந்து வந்துவிட்டார். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். முதலில் நான்காம் நம்பரின் பியூஸ் மூன்றையும் கழற்றி எல்லாருக்கும் காட்டிவிட்டு என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துரையைத் தூண் பக்கம் நிறுத்தினேன். பட்டன் எது, கைப்பிடி எது என்று அவருக்குத் தெரியும். மேசையின் அந்தப் பக்கம் போய்க் கையை நீட்டினேன். பக்கத்து ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“துரை, நீங்க கவனமா இருங்க. நான் சொல்றதச் செய்யுங்க,” என்று கத்தினேன். “கொஞ்சம் தொற!”

பட்டன் அமுங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தூண் பக்கம் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயில் கை வைத்தார்கள், அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுற்றிக்கொண்டு வந்தேன். துரையின் விரல் இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. ஈப்போ டவுன்காரர். அவர் வீட்டிலும் லைட்டைத் தொறதானே?

“நான் கதவத் தொறக்கச் சொன்னேன் துரை.”

“அத நீ தெளிவா சொல்லணும்ல? எனக்கு எப்படித் தெரியும்?”

“அதத்தான் துரை ராமையாவும் சொல்றான். உங்களுக்குக் கவனக்குறைவுன்னு கிராணிய எழுதச் சொல்லட்டுமா?”

கிராணி பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் பின்னால் இருந்து செல்லையா முன்னுக்கு வந்தார். தலை குனிந்திருந்தது.

“துரை, அன்னிக்கு அந்தோணிகிட்ட கொஞ்சம் தொறன்னு சொன்னது நான்தான். கதவுக்குத்தான் சொன்னேன். அவன் மோட்டருன்னு நெனச்சிட்டான். எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லல?” துரையின் குரல் உயர்ந்தது.

“சொன்னா தப்பு என்மேல திரும்பிடும்னு பயம். விரலும் போயி வேலையும் போனா நான் எங்க துரை போவேன்? அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமப் போச்சு.”

துரை என்ன செய்தார் தெரியுமா? “இத்தன வருஷமா மறைச்சியா? கிராணி, இவருக்கும் ஒரு லெட்டர் அடி!” என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களே துரை! லெட்டருக்குப் பயந்துதானே அவரு மறைச்சாரு. நானும் மறைச்சேன். உண்மையச் சொன்ன ஒரே ஆளு அந்தோணி, அவனத்தான் வெளிய அனுப்பினோம். இன்னிக்கு இவருக்கு லெட்டர் கொடுத்தா, இனிமே இந்த பேக்டரியில எவனாவது வாயத் தொறப்பானா?”

அந்தத் 'தொறப்பானா' என் வாயில் வந்ததும் ராமையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான். துரை ஆபீசுக்கு நடந்தார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது லெட்டர் மேசை மேல் இல்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை.

5. அரோகரா

மோட்டாருக்கு இனி என்ன சொல்லுவது என்று ரோலர் ஆட்களிடமே கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ராமையாதான் 'ஜாலான்' என்றான். மலாயில் போ, ஓடு என்று அர்த்தம், எல்லாருக்கும் தெரியும், எந்தச் சத்தத்திலும் 'தொற' மாதிரிக் கேட்காது. நிறுத்த 'ஸ்டாப்'. 'தொற' என்பது கதவுக்கு மட்டும். மோட்டாருக்குத் 'தொற' என்று சொல்லுகிறவர் அன்று எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். முதல் வாரத்தில் அதிகம் வாங்கித் தந்தது நான்தான்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது என்று துரையே சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி. பட்டனைத் தூணிலிருந்து கழற்றி, கழுவுகிறவர் நிற்கும் இடம் தெரிகிற மாதிரி மேசைக்குப் பக்கவாட்டில் வைத்தோம். ஜாலான் என்று சொல்லுகிறவர் ஓரடி பின்னால் வந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு கையும் தெரியாமல் பட்டனைத் தொடக் கூடாது. கோயிலில் கும்பிடுகிற மாதிரியே இருந்ததால் ஆட்கள் அதற்கு 'அரோகரா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். “அரோகரா போட்டாச்சா?” “போட்டாச்சு, ஜாலான்!” இலை உலர்த்துகிற டிரையர் பக்கத்து மலாய்க்காரரும் அரோகரா என்றுதான் சொல்லுவார். மேசைக்குள் நான் கை வைக்கும்போது பியூஸ் என் பையில் இருக்கும். அதில் எனக்கு விதிவிலக்கு இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்தோம். தப்பித்த கதைகளை எழுத. பெயர் போட வேண்டாம், லெட்டர் கிடையாது என்று துரை எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்று வாரம் ஒருவரும் எழுதவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு நோட்டை டிரையருக்குள் போட்டிருப்பேன். அப்புறம் யோசித்தேன். இத்தனை வருஷம் வாயைத் திறந்தால் அடி விழுந்த இடத்தில், மூன்று வாரத்தில் யார் நம்புவார்கள்? நானே முதல் பக்கத்தில் ஸ்வெட்டர் கதையை எழுதி, வேண்டுமென்றே என் பெயரையும் போட்டேன். கையில் மாவுக்கட்டோடு வந்த காளியம்மா இரண்டாவது கதையைச் சொல்லச் சொல்ல ராமையா எழுதினான். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது. பெல்ட் மூடி கழன்றது, ஈரத் தரையில் வழுக்கியது, டிரையர் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒவ்வொன்றும் ஒருவர் கையோ காலோ போவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி லோரி கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

6. திரிங்காப்

காளியம்மாவின் கட்டுப் பிரித்த வாரம் செல்லையா பட்டறைக்கு வந்து நின்றார்.

“அந்தோணியப் பாக்கப் போகணும் பிட்டர். தனியாப் போகத் தெம்பில்ல.”

ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போனோம். திரிங்காப்பில் சரிவுத் தோட்டம் ஒன்றின் கீழே லோரி நின்றது. அந்தோணி மேலே நின்று கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அடுத்த கூடையை வாங்கினான்.

செல்லையா லோரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார், மூன்று விரல் கையால்.

“அந்தோணி, அன்னிக்குத் தொறன்னு சொன்னது நான்தான்யா. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்.”

அந்தோணி கூடையை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

“நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. என் காதுல கேட்டுச்சே. ஆட்டுக்காக நான் உங்க கைய எடுத்தேன்னு நீங்க நெனக்கிறீங்களோன்னுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு.”

“ஒருநாளும் நெனக்கல.”

“அத யாரும் வந்து எங்கிட்ட சொல்லலியேண்ணே.” அவன் அழுதுவிட்டான். செல்லையாவும் அழுதார். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

துரை திரும்ப வேலைக்கு வரச் சொன்னதைச் சொன்னேன். கை இரண்டையும் தூக்கும் புது முறையையும் அதன் பெயரையும் சொன்னேன். அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“நான் வேதக்காரன்ணே. என்னையும் அரோகரா போட வைப்பீங்களா? வேணாம், இங்கயே பழகிப்போச்சு. அந்தப் புக்குல என் பேருக்கு நேரா கவனக்குறைவுன்னு எழுதினீங்களே, அத மட்டும் அடிச்சிடுங்க.”

மறுநாள் கிராணியிடம் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டேன். அவர் கொடுக்கத் தயங்கினார்.

“ரெக்கார்டுல கை வைக்கக் கூடாது பிட்டர். அது துரை சொல்லி நான் எழுதினது.”

“ஒங்க சொல்ல நான் தொடல. என் கையெழுத்து இருக்கிற வரிய மட்டும் கொடுங்க.”

'இயந்திரத்தில் கோளாறு இல்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதன் பக்கத்தில், 'நான் கேட்கவில்லை' என்று எழுதி அன்றைய தேதியோடு கையெழுத்தைப் போட்டேன்.

கிராணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இதென்னய்யா எழுதியிருக்க? காதுல கேக்கலன்னு சொல்றியா, அவன்கிட்ட விசாரிச்சுக் கேக்கலன்னு சொல்றியா?”

“ரெண்டுந்தான்.”

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பைக்குள்ளிருந்த பேனாவை எடுத்து, மேலே இருந்த கட்டத்தில் தான் எழுதிய சொல்லைத் தானே அடித்தார்.